கொழும்பின் பழைய தேவாலயங்கள் – 8: வுல்வெண்டால் குன்றும் புனித லூசியாள் பேராலயமும்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்து, புறக்கோட்டையின் கடைத்தெருக்கள் முடிந்து கொட்டாஞ்சேனை தொடங்கும் மேட்டு நிலத்தில், நடந்து சென்று பார்க்கக்கூடிய தொலைவில் இரண்டு பெரிய தேவாலயங்கள் நிற்கின்றன. ஒன்று ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்துவைத்த வுல்வெண்டால் தேவாலயம். மற்றொன்று ஆங்கிலேயர் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கத்தோலிக்கர் எழுப்பிய புனித லூசியாள் பேராலயம். முன்னது உருவங்களைத் தன் சுவர்களுக்குள் அனுமதிக்காத சீர்திருத்தத் திருச்சபையின் இல்லம். பின்னது புனிதர்களின் உருவங்களை முகப்பிலும் பீடங்களிலும் நிறுத்தி வணங்கும் சபையின் தலைமை ஆலயம். இந்த இரண்டின் உள்ளலங்காரத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஓர் ஆலயத்தில் எது அழகுபடுத்தப்படுகிறது, எது வெறுமையாக விடப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது கட்டடக் கலைஞனின் விருப்பத்தைக் காட்டிலும் அந்தச் சபையின் இறைக்கொள்கையே என்ற உண்மை தெளிவாகிறது. அதனை விளக்குவதே இந்தப் பகுதியின் நோக்கம்.

1563ஆம் ஆண்டின் இரண்டு தீர்ப்புகள்

கொட்டாஞ்சேனையின் இரண்டு ஆலயங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் வேர் ஐரோப்பாவில், ஒரே ஆண்டில் எழுதப்பட்ட இரண்டு ஆவணங்களில் இருக்கிறது. 1563இல் ஜெர்மன் நாட்டின் ஹைடல்பேர்க் நகரில், கல்வினின் போதனையைப் பின்பற்றியவர்கள் வினாவிடை வடிவில் ஒரு ஞானோபதேச நூலை வெளியிட்டனர். கடவுளை எந்த உருவத்திலும் காட்டலாகாது என்றும், எழுத்தறியாதவர்களுக்குப் பாடநூலாகப் பயன்படும் என்ற காரணத்துக்காகக்கூட ஆலயத்தில் உருவங்களை வைக்கலாகாது என்றும், மக்களுக்குப் போதிக்க வேண்டியது உயிருள்ள பிரசங்கமே என்றும் அந்த நூல் வரையறுத்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதம், இத்தாலியின் திரெந்து நகரில் நடைபெற்றுவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் தன் இறுதி அமர்வில் இதற்கு நேர்மாறான முடிவை அறிவித்தது. கிறிஸ்துவின் உருவமும், அவருடைய தாயின் உருவமும், புனிதர்களின் உருவங்களும் ஆலயங்களில் இருக்க வேண்டும் என்றும், அவற்றுக்குச் செலுத்தப்படும் மரியாதை அவை குறிக்கும் மூலத்தையே சென்றடைகிறது என்றும், அவற்றின் வழியாக மக்கள் விசுவாசத்தைக் கற்றுக்கொள்கிறார்கள் என்றும் அச்சங்கம் உரைத்தது.

இவ்விரண்டு தீர்ப்புகளும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1566இல் நெதர்லாந்தின் பல நகரங்களில் சீர்திருத்தச் சபையினர் ஆலயங்களுக்குள் புகுந்து சிலைகளை உடைத்தனர். எஞ்சிய சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். அந்நாட்டின் வடபகுதி ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விடுபட்டு ஏழு மாகாணங்களின் கூட்டரசாக எழுந்தபோது, ஹைடல்பேர்க் வினாவிடையைப் பின்பற்றிய சீர்திருத்தச் சபையே அங்கு அரசின் ஆதரவு பெற்ற சபையாயிற்று. 1602இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆசியாவுக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சபையையே. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய கம்பனி, கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருமாரை நாட்டைவிட்டு வெளியேற்றியது; போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்களில் பலவற்றைத் தன் சபைக்கு உரியவையாக மாற்றிக்கொண்டது. கொழும்புக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் நெடுங்காலம் வழிபட்ட ஆலயமும் அவ்வாறு கைமாறியதே. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது சிதிலமடைந்தபோது, முற்றிலும் தங்கள் கொள்கைப்படி, அடித்தளத்திலிருந்து புதிதாக ஓர் ஆலயத்தைக் கட்டும் வாய்ப்பு கொழும்பு ஒல்லாந்தருக்கு வாய்த்தது. வுல்வெண்டால் அவ்வாய்ப்பின் விளைவாகும்.

குன்றின்மேல் எழுந்த சிலுவை வடிவம்

புதிய ஆலயத்துக்குக் கோட்டைக்கு வெளியே, துறைமுகத்தைப் பார்த்திருக்கும் குன்று ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. கடலிலிருந்து வரும் கப்பல்களின் கண்ணில் முதலில் படத்தக்க உயரம் அதற்கு இருந்தது. 1743 முதல் 1751 வரை இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த யூலியஸ் வலன்டைன் ஸ்டெயின் வான் கொலனெஸ் காலத்தில் பணி தொடங்கியது. கட்டடத்தின் முகட்டுச் சுவர் ஒன்றில், அதாவது கூரையின் இரு சரிவுகளும் சந்திக்குமிடத்தில் முக்கோணமாக எழும் சுவரில், அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் 1749 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1757 மார்ச் 6ஆம் நாள், கொழும்புக் குருமடத்தின் அதிபராக இருந்த மத்தியாஸ் வெர்மெல்ஸ்கிர்க்கர் போதகர் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

கட்டடத்தின் தரையமைப்பு கிரேக்கச் சிலுவை எனப்படும் வகையைச் சேர்ந்தது. சிலுவை வடிவ ஆலயங்களில் இருவகை உண்டு. ஒரு கை மட்டும் நீண்டு, மற்ற மூன்றும் குறுகி இருப்பது இலத்தீன் சிலுவை. நான்கு கைகளும் ஏறத்தாழ ஒரே நீளமாக இருப்பது கிரேக்கச் சிலுவை. கத்தோலிக்க ஆலயங்கள் பெரும்பாலும் முதல் வகையை விரும்பின. ஏனெனில், நீண்ட நடுக்கூடத்தின் வழியே பவனியாக நடந்து, கண்ணுக்கு எட்டிய முனையில் இருக்கும் பலிபீடத்தை நோக்கிச் செல்வது அவர்களுடைய வழிபாட்டின் இயல்பு. சீர்திருத்தச் சபையினருக்குப் பலிபீடமும் இல்லை, பவனியும் இல்லை; போதகரின் குரல் அனைவரின் செவியிலும் விழ வேண்டும் என்பதே அவர்களுடைய முதன்மைத் தேவை. நான்கு குறுகிய கைகளையும் நடுவில் இணைக்கும் அமைப்பில், எந்த மூலையில் அமர்ந்தவரும் பேசுபவரிடமிருந்து அதிக தூரம் விலகியிருப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1620களில் கட்டப்பட்ட வடக்கு ஆலயம் இவ்வமைப்புக்குப் புகழ்பெற்ற முன்மாதிரியாகும். இலங்கையில் இதே அமைப்பை யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயத்திலும் காணலாம் என்று சொல்லும் நிலை முன்பு இருந்தது. உள்நாட்டுப் போரில் அவ்வாலயம் இடிந்து அழிந்தபின், தமிழர்கள் அறிந்திருந்த அந்தக் கட்டட மரபைக் கண்ணால் கண்டு விளங்கிக்கொள்ள வுல்வெண்டாலுக்கே வர வேண்டியிருக்கிறது.

கட்டடத்தின் பாணியை டோரிக் என்று வகைப்படுத்துவர். பண்டைய கிரேக்கர் வகுத்த தூண் ஒழுங்குகளுள் டோரிக் மிகவும் எளிமையானது. சுருள் வேலையோ இலைக்கொத்தோ இல்லாமல், தடித்த உடலும் தட்டையான தலையும் கொண்டது. அலங்காரத்தைச் சந்தேகத்தோடு பார்த்த ஒரு சபை, செம்மரபுக் கட்டடக் கலையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தயங்காத வடிவம் இதுவாகவே இருந்ததில் வியப்பில்லை.

வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் உடல் முழுவதும் இந்த மண்ணுடையது. ஏறத்தாழ ஐந்து அடி தடிப்புள்ள சுவர்கள், மேற்குக் கரையோரத்தில் கபுக் என்று வழங்கும் செம்புரைக் கற்களால் கட்டப்பட்டவை. இந்தக் கல் நிலத்துக்குள் இருக்கும்வரை கோடரியால் வெட்டக்கூடிய அளவுக்கு மென்மையாக இருக்கும். வெட்டியெடுத்து வெயிலிலும் காற்றிலும் விட்டால் இறுகிக் கடினமாகும். கடலிலிருந்து எடுத்த முருகைக்கற்களும் இதனோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன. முருகைக்கல்லைச் சூளையில் நீற்றிப் பெற்ற சுண்ணாம்போடு மணலைச் சேர்த்துக் குழைத்த சாந்து, கற்களைப் பிணைத்ததோடு வெளிப்பூச்சாகவும் அமைந்தது. சுவர்களின் அசாதாரணத் தடிப்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உள்ளே வெப்பம் ஏறாமல் தடுப்பது. இரண்டாவது, கூரையின் பாரத்தைத் தாங்குவது. ஆலயத்தின் கூரை முதலில் செங்கல் வளைவாக அமைக்கப்பட்டிருந்தது, செங்கல் வளைவு கீழ்நோக்கி அழுத்துவதோடு சுவர்களைப் பக்கவாட்டில் வெளியே தள்ளவும் முயலும். அந்தத் தள்ளுதலுக்கு ஈடுகொடுக்கச் சுவர் தன் கனத்தாலேயே நிற்க வேண்டியிருந்தது.

கூரையின் நடுப்பகுதி குவிமாடம்போல உயர்ந்து, அதன் உச்சியில் பித்தளைச் சிங்கம் ஒன்று நின்றது. தலையில் முடியும், ஒரு கையில் வாளும், மறு கையில் ஏழு அம்புகளும் கொண்ட அந்தச் சிங்கம் ஒல்லாந்தக் கூட்டரசின் சின்னம். ஏழு அம்புகள் ஏழு மாகாணங்களின் ஒற்றுமையைக் குறிப்பவை. இந்த இடத்தில் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்துவின் உருவத்தையோ அப்போஸ்தலர்களின் உருவத்தையோ ஆலயத்தில் வைக்க மறுத்த சபை, தன் அரசின் சிங்கத்தை ஆலயத்தின் உச்சியிலேயே ஏற்றியது. இறைவனுக்கு உருவம் விலக்கப்பட்டது, ஆட்சிக்கு விலக்கப்படவில்லை. 1856இல் விழுந்த மின்னல் அந்தச் சிங்கத்தை அழித்துக் கூரையையும் பெரிதும் சேதப்படுத்தியது. அப்போது ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பழுதுபார்க்கப்பட்ட கூரையில் சிங்கம் மீண்டும் ஏறவில்லை.

உள்ளே: சொல்லுக்கு அமைந்த மண்டபம்

வுல்வெண்டாலுக்குள் நுழைபவர் முதலில் உணர்வது உயரமும் வெளிச்சமும் ஆகும். உயர்ந்த சுவர்களுக்கு மேலே வளைந்து செல்லும் கூரையும், அகன்ற சாளரங்களும், நான்கு திசைகளிலும் விரியும் கைகளும் சேர்ந்து, கட்டடத்தின் வெளிப்புறக் கனத்தை உள்ளே மறக்கச் செய்கின்றன. வண்ணக் கண்ணாடி பதித்த சாளரங்கள் இன்று அங்கு உள்ளன. எனினும் சுவர்களின் பெரும்பரப்பு வெறுமையாகவே இருக்கிறது. ஓவியமோ சுதைவேலையோ அதில் இல்லை. வெண்சுவர் என்பது இங்கு முடிக்கப்படாத பணி ஆகாது. காதுக்கு வேலை இருக்கும் இடத்தில் கண் அலையக்கூடாது என்ற ஒழுக்கத்தின் அடையாளம் அது.

சீர்திருத்தச் சபை ஆலயத்தில் கலைநயம் நாடப்பட்ட பொருள்கள் மூன்று: பிரசங்கபீடம், ஞானஸ்நானத் தொட்டி, இருக்கைகள். பிரசங்கபீடம் என்பது போதகர் ஏறி நின்று வேதவசனத்தை விளக்கும் மர மேடை. ஒல்லாந்த மரபில் அது தரைமட்டத்திலிருந்து படிகளால் உயர்ந்து, குரலைச் சிதறாமல் சபையை நோக்கித் திருப்பிவிடும் மரக்கவிகையை மேலே கொண்டிருக்கும். கத்தோலிக்க ஆலயத்தில் பலிபீடம் பெறும் இடத்தை இங்கு பிரசங்கபீடம் பெற்றதால், தச்சனின் முழுத்திறனும் அதில் இறங்கியது.

வுல்வெண்டாலின் ஞானஸ்நானத் தொட்டி கட்டடத்தைவிட வயதில் மூத்தது. பதினேழாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இலங்கையை ஆண்டவரும், போர்த்துக்கேயரை இத்தீவிலிருந்து அகற்றிய போர்களை நடத்தியவருமான றைக்லொஃப் வான் கூன்ஸ், தன் மகள் ஞானஸ்நானம் பெற்றதன் நினைவாக அதைக் கொடையளித்தார். அந்தக் குழந்தைக்கு எஸ்தர் சிலோனியா என்று, பிறந்த தீவின் பெயரையும் சேர்த்தே பெயரிட்டிருந்தனர். இந்தத் தொட்டி கோட்டையிலிருந்த பழைய ஆலயத்தின் காலத்தைச் சேர்ந்தது. சபை இடம் மாறியபோது தன் நினைவுகளையும் எடுத்துவந்தது என்பதற்கு அது சான்று.

இருக்கைகளில் உள்ளூர்த் தச்சரின் கைத்திறன் வெளிப்படுகிறது. கருங்காலி போன்ற இலங்கை வன்மரங்களில், ஒல்லாந்த வடிவங்களைப் பின்பற்றிக் கடைந்து செதுக்கிய நாற்காலிகளும் வாங்குகளும் அக்காலத்தின் சிறந்த மரவேலைக்கு எடுத்துக்காட்டுகள். இருக்கை என்பது அந்தச் சமூகத்தில் வெறும் வசதி அன்று. கம்பனியின் ஒவ்வொரு தரத்தினருக்கும் ஆலயத்தில் இடம் வரையறுக்கப்பட்டிருந்தது. தேசாதிபதியும் அரசியல் ஆலோசனைச் சபையினரும் அமரும் இடம் ஒன்று, வணிக அதிகாரிகள் அமரும் இடம் வேறொன்று. இதே ஆலயம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1754இல், பத்தாவியாவில் இருந்த கம்பனியின் தலைமை ஆளுநர் யாக்கப் மொசெல், ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விரிவான சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். யார் என்ன துணி உடுத்தலாம், எத்தகைய வண்டியில் செல்லலாம் என்பதைத் தரவரிசைப்படி அது வகுத்தது. தன் அதிகாரிகளின் படாடோபத்தைச் சட்டம் போட்டுக் குறைக்க வேண்டிய நிலையில் கம்பனி இருந்தது. ஆலயத்தின் சுவர்கள் எளிமையைப் போதித்தன. அவற்றுக்குள் அமர்ந்தவர்களின் வாழ்க்கை அந்தப் போதனையோடு ஒத்துப்போகவில்லை.

தரையில் விரிந்த சிற்பம்

சுவரிலும் பீடத்திலும் இடம் மறுக்கப்பட்ட சிற்பக்கலை வுல்வெண்டாலில் தரைக்கு இறங்கியது. ஆலயத்தின் தளத்தில் பதிக்கப்பட்ட கல்லறைக்கற்களே அதன் மிகச் செழுமையான அலங்காரம். கம்பனியின் உயர் அதிகாரிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்படும் உரிமையைப் பெற்றிருந்தனர். அவர்களை மூடிய பெருங்கற்களில் குலச்சின்னமும், தலைக்கவசமும், அதைச் சுற்றிப் படரும் இலைச்சுருளும், கீழே பெயரும் பதவியும் பிறந்த இறந்த நாள்களும் செதுக்கப்பட்டன. குலச்சின்னம் என்பது ஐரோப்பிய உயர்குடிகள் தங்கள் வம்சத்தை அடையாளப்படுத்தக் கேடய வடிவில் வரைந்துகொண்ட குறி. சுவர்களில் காணப்படும் நினைவுக்கற்களும் இதே மரபைச் சேர்ந்தவை.

இந்தக் கற்களின் எண்ணிக்கை 1813இல் பெருகியது. கோட்டைக்குள் இருந்த பழைய ஆலயம் முற்றிலும் கைவிடப்பட்ட நிலையில், அங்கு புதைக்கப்பட்டிருந்த தேசாதிபதிகள் முதலியோரின் எச்சங்களை அகற்றி வுல்வெண்டாலில் வைக்க ஆங்கிலேய அரசு ஏற்பாடு செய்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், தீவட்டிகளின் வெளிச்சத்தில் ஓர் இரவு ஊர்வலமாக அவை கொண்டுசெல்லப்பட்டன. கல்லறைக்கற்களும் குன்றுக்கு வந்துசேர்ந்தன. அன்று முதல் வுல்வெண்டால் தன் காலத்துக்கு முந்திய தலைமுறைகளின் நினைவகமாகவும் ஆயிற்று.

இத்தகைய கற்களைத் தமிழ் வாசகர் வேறோர் இடத்திலும் கண்டிருக்கக்கூடும். சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் கோட்டைகள் இருந்த பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள கல்லறைகள் இதே அமைப்பில், இதே நுணுக்கத்தோடு செதுக்கப்பட்டவை. அக்கரையின் கல்தச்சர்கள் செய்த கல்லறைக்கற்கள் கம்பனியின் கப்பல்களில் பத்தாவியா வரை சென்றன. கோயில் தூணிலும் கோபுரத்திலும் கொடிக்கருக்கு வெட்டிப் பழகிய கை, ஒல்லாந்த மொழியின் எழுத்தையும் அந்நியக் குடும்பங்களின் கேடயத்தையும் தாளில் வரைந்த மாதிரியைப் பார்த்துக் கல்லில் ஏற்றியது. உருவமற்ற வழிபாட்டை வற்புறுத்திய சபை, தன் இறந்தோரை நினைவுகூர இந்தக் கரையின் உருவக்கலை மரபையே நாடியது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

வுல்வெண்டாலுக்கும் பழைய கொழும்புக்கும் இடையிலான மற்றோர் இணைப்பு அதன் மணியோசை. புறக்கோட்டையில் கைமன் வாசல் என்று வழங்கும் இடத்தில் இன்றும் நிற்கும் மணிக்கூண்டிலிருந்த மணி, போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டை நகரின், அதாவது இன்றைய கொழும்புக்கு அண்மையிலுள்ள ஜயவர்தனபுரக் கோட்டையின், பிரான்சிஸ்கு சபை ஆலய இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் அதை நகரின் ஊரடங்கு நேரத்தை அறிவிக்கவும், வுல்வெண்டாலில் ஆராதனை தொடங்குவதை அறிவிக்கவும் பயன்படுத்தினர். கத்தோலிக்கருடைய மணி சீர்திருத்தச் சபையாரை ஆராதனைக்கு அழைத்தது.

தமிழுக்கு நேர்ந்த பயன்

சொல்லை மையமாகக் கொண்ட ஒரு சபை, தான் பணியாற்றும் மக்களின் மொழியைக் கற்காமல் இருக்க முடியாது. 1690களில் தோன்றிய கொழும்புக் குருமடம் உள்ளூர் இளைஞர்களைப் போதகர்களாகவும் ஆசிரியர்களாகவும் பயிற்றியது. 1737இல் கொழும்பில் நிறுவப்பட்ட அச்சகம் சிங்களத்திலும் தமிழிலும் சமய நூல்களை வெளியிட்டது. இந்தச் சூழலின் மிகச் சிறந்த விளைவு பிலிப்பு தெ மெல்லோ ஆவார். 1723இல் கொழும்பில் பிறந்து, குருமடத்தில் பயின்று, ஒல்லாந்தத் திருச்சபையில் போதகராக அபிஷேகம் பெற்ற இந்நாட்டவரான அவர், கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அம்மொழிபெயர்ப்பு 1759இல், வுல்வெண்டால் திறக்கப்பட்ட இரண்டாம் ஆண்டில், கொழும்பில் அச்சேறியது. ஒரே சபை ஒரே பத்தாண்டில் எழுப்பிய இரண்டு கட்டுமானங்களாக, குன்றின்மேலுள்ள ஆலயத்தையும் தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். பிரசங்கபீடத்தை அழகுபடுத்திய அதே கொள்கைதான் தமிழ் உரைநடைக்கும் ஒரு நூலை அளித்தது. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்று நூலில் தெ மெல்லோவுக்கும் இடம் அளித்திருப்பது, அவர் தமிழறிஞராகவே மதிக்கப்பட்டார் என்பதைக் காட்டுகிறது.

ஓலைக் கூரையிலிருந்து குவிமாடத்துக்கு

வுல்வெண்டால் திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆன நிலையில், 1760இல், அதற்கு அப்பால் கொட்டாஞ்சேனையின் மேட்டில் மரத்தாலும் ஓலையாலும் ஆன ஒரு சிற்றாலயம் எழுந்தது. தடைச் சட்டங்களுக்கு நடுவே கத்தோலிக்கரைப் பராமரித்துவந்த ஒராட்டோரியன் குருக்கள் அதைக் கட்டினர். இவர்கள் கோவாவைச் சேர்ந்த இந்தியக் குருக்கள். 1687இல் யாழ்ப்பாணத்தில் மறைவாக வந்திறங்கிய ஜோசப் வாஸ் அடிகளின் வழிவந்தவர்கள். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக்காலத்தில் தடைகள் தளர்ந்தபோது, 1780களின் தொடக்கத்தில், கொஸ்மாஸ் அந்தோனியோ அடிகளின் முயற்சியால் ஓலைக் கூரை இருந்த இடத்தில் செங்கல் ஆலயம் நின்றது. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாகி, 1806இல் கத்தோலிக்கர்மீதான சட்டத்தடைகள் நீக்கப்பட்டன. 1834இல் இலங்கை தனி மறைமாவட்ட நிருவாகத்தைப் பெற்றபின், கொட்டாஞ்சேனை ஆலயம் பேராலயத் தகுதியை, அதாவது ஆயரின் ஆசனம் அமைந்த ஆலயம் என்ற நிலையை, அடைந்தது.

இன்று நிற்கும் கட்டடம் 1870களில், இத்தாலிய சில்வெஸ்திரின் பெனடிக்டுத் துறவியான ஆயர் ஹிலாரியோன் சில்லானியின் காலத்தில் தொடங்கப்பட்டது. அதே சபையைச் சேர்ந்த தபரானி அடிகள் அதன் வரைபடத்தை ஆக்கினார். வத்திக்கானிலுள்ள புனித பேதுரு பேராலயத்தை நினைவூட்டும் வகையில், தூண்கள் தாங்கிய முகப்பும், மேலே நின்று தெருவை நோக்கும் சிலைகளும், பின்னால் உயரும் குவிமாடமும் திட்டமிடப்பட்டன. 1883இல் கொழும்பின் பொறுப்பு அமலமரித் தியாகிகள் சபைக்கு மாறியது. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் யாழ்ப்பாணத்தின் ஆயராக இருந்த பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தோப் பொன்ஜீன் கொழும்புக்கு மாற்றம் பெற்று, பின்னர் அதன் முதல் பேராயரானார். 1892இல் மறைந்த அவருடைய உடல் இந்தப் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

பேராலயத்துக்குள் நடப்பவரின் பார்வை வுல்வெண்டாலில் நேர்வதுபோல் நடுவில் நின்றுவிடுவதில்லை. நீண்ட கூடம் கண்ணைப் பீடத்தை நோக்கி இழுக்கிறது. குவிமாடம் அதை மேலே உயர்த்துகிறது. பக்கங்களில் உள்ள பீடங்களும் சிலைகளும் ஒவ்வொன்றாக நிறுத்தி நினைக்கச் செய்கின்றன. ஒவ்வோர் உருவமும் தான் யார் என்பதைத் தன் கையிலுள்ள பொருளால் அறிவிக்கிறது. சிசிலித் தீவின் சிரக்கூசா நகரில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைசாட்சியாக உயிர்துறந்த லூசியாள், தட்டில் ஏந்திய இரு கண்களால் அடையாளம் காணப்படுகிறாள். பார்வைக்கு உதவுபவள் என்று நம்பி வருவோர் அவளை வேண்டுகின்றனர். எழுத்தறியாதவருக்கும் உருவம் போதிக்கும் என்று திரெந்துச் சங்கம் சொன்னதன் பொருளை விளக்க இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு தேவையில்லை. டிசம்பர் 13ஆம் நாள் அவளுடைய திருவிழா நடைபெறுகிறது.

சமயத் தடைக்குள் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்த ஒரு சமூகம் தன் ஆலயத்தை இவ்வளவு உயரமாகவும் அகலமாகவும், உருவங்கள் நிறைந்ததாகவும் கட்டிக்கொண்டதன் காரணத்தைக் கலைக்கொள்கையில் மட்டும் தேடக்கூடாது. ஓலைக் கூரையின்கீழ் அச்சத்தோடு கும்பிட்ட முன்னோர்களுக்கு மறுக்கப்பட்ட காட்சியையெல்லாம் பேரப்பிள்ளைகள் வெளிப்படையாக எழுப்பினர். வுல்வெண்டாலின் வெறுஞ்சுவர் ஓர் அரசின் சபை தன்மீது விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. லூசியாள் பேராலயத்தின் நிறைவு ஒடுக்கப்பட்ட மக்கள் மீட்டெடுத்த உரிமை. ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்துவது இரண்டையும் விளங்காமல் பேசுவதாகும்.

எஞ்சியிருக்கும் கடமை

வுல்வெண்டால் இன்று இலங்கை கிறிஸ்தவ சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டு இல்லமாகத் தொடர்கிறது. அதன் தரையிலும் பிற ஒல்லாந்த ஆலயங்களிலும் உள்ள கல்வெட்டுகளை லியோபோல்ட் லுடோவிசி 1877இல் தொகுத்து வெளியிட்டார், 1913இல் ஜே. பென்றி லூவிஸ் இலங்கையின் நினைவுக்கற்களுக்கு ஒரு பட்டியலை ஆக்கினார். இரண்டும் ஆங்கில வாசகருக்காக எழுதப்பட்டவை. இந்தக் கற்களைத் தமிழில் விளக்கும் முழுமையான நூல், சோழமண்டலக் கரையின் கற்களோடு அவற்றை ஒப்பிட்டு ஆராயும் நூல், எழுதப்பட வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டைத் தேவாலயம் இடிந்தபோது அதனோடு எவ்வளவு போயிற்று என்பதை அறிந்த சமூகம், நிற்கும் ஒன்றைப் பதிவுசெய்யத் தாமதிக்கலாகாது. கொழும்பிலுள்ள தமிழ் மாணவர்களும், வரலாற்றுத் துறையினரும், சபை மூப்பர்களும் ஒன்றுசேர்ந்து, தேய்ந்துவரும் எழுத்துகள் முற்றிலும் மறையுமுன் இந்தப் பணியைத் தொடங்க வேண்டும். அடுத்த பகுதியில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தின் வரலாறு இடம்பெறும்.